விழியாடியின் நினைவு: கதிர்வீச்சும் கண்புரையும்

கண்புரை என்றதும் முதுமையே நம் நினைவுக்கு வருகிறது. நரை, திரை என்னும் வரிசையில் அதனையும் வைத்து, அறுபதைக் கடந்தால் வருவதுதானே என்று அமைந்துவிடுகிறோம். 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று ஊர்ப்புறத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு, அது காலத்தின் வேலை என்பதில் ஐயம் எழுந்ததில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் இந்நோய்க்கு வேறொரு வரலாறும் எழுதப்பட்டது. ஆய்வுக்கூடத்து இளம் இயற்பியலாளர்களுக்கும், ஹிரோஷிமாவில் உயிர்தப்பியவர்களுக்கும், செர்நோபில் உலையைச் சுத்தம் செய்யச் சென்ற தொழிலாளர்களுக்கும், விண்வெளிக்குச் சென்று மீண்டவர்களுக்கும் அது வந்தது. அவர்களை இணைப்பது வயதன்று. அவர்கள் கண்ணின் வழியே ஊடுருவிச் சென்ற கதிர்களே. அந்த வரலாற்றை இலக்கிய மாணவர் என்ற நிலையில் நின்று, இயன்றவரை எளிய தமிழில் சொல்ல முயல்கிறோம்.

பெயர்களும் பொருளும்

நோயின் பெயரிலிருந்தே தொடங்குவது நமக்கு இயல்பு. 'புரை' என்னும் சொல் தமிழில் உட்டுளை, குற்றம், ஒப்பு எனப் பல பொருள் தருவது. குற்றம் என்னும் பொருளே இங்கே பொருந்துகிறது. தெளிவாக இருக்க வேண்டிய ஒன்றில் புகுந்த மாசு. மேலை மொழிகளில் வழங்கும் 'கேட்டராக்ட்' என்பது அருவியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. கண்ணுக்குள் ஏதோ ஒரு நீர் மேலிருந்து வழிந்து இறங்கிப் பார்வையை மறைக்கிறது என்று பழைய மருத்துவர்கள் எண்ணினர். ஜப்பானியர் இதனை 'ஹகுநைஷோ' என்பர். வெண்மையான உட்தடை என்பது அதன் எழுத்துகள் தரும் பொருள். மூன்று மொழிகளும் மூன்று விதமாகக் கண்டிருப்பினும், மறைப்பு கண்ணின் உள்ளே இருக்கிறது என்பதை மூன்றுமே உணர்ந்திருக்கின்றன.

அந்த மறைப்பு உண்டாகுமிடம் கண்பாவைக்குப் பின்னால் உள்ள வில்லை. விழியாடி என்றும் இதனைச் சொல்லலாம். இது பிற உறுப்புகளைப் போன்றதன்று. இதனுள் இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. ஒரு மெல்லிய உறைக்குள் படிகம் போலத் தெளிந்த புரதம் நிறைந்த நார் உயிரணுக்கள், வெங்காயச் சருகுகள் போல அடுக்கடுக்காக அமைந்துள்ளன. ஒளி தடையின்றிச் செல்ல வேண்டும் என்பதற்காக, இவ்வணுக்கள் முதிரும்போது தம் உட்கருவையே இழந்துவிடுகின்றன.

வில்லையின் முன்பக்கத்தில், உறைக்கு உட்புறமாக, ஓரடுக்கு உயிரணுப் படலம் ஒன்று உண்டு. அப்படலத்தின் ஓரத்தில், வில்லையின் விளிம்பை ஒட்டிய வளையத்தில்தான் புதிய அணுக்கள் பிறக்கின்றன. பிறந்தவை விளிம்பைத் தாண்டித் திரும்பி, நீண்டு, நார்களாகிப் பழைய நார்களின் மேல் படிகின்றன. மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல ஒன்றின் மேல் ஒன்றாக இவ்வடுக்குகள் வளர்கின்றன. தோலின் அணுக்கள் உதிர்கின்றன. குடலின் அணுக்கள் சில நாள்களில் மாற்றப்படுகின்றன. வில்லையின் அணுக்களோ உதிர வழியின்றி, வாழ்நாள் முழுவதும் உறைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. நாம் கருவில் இருந்தபோது உண்டான நார்கள் இன்றும் நம் வில்லையின் நடுவில் இருக்கின்றன.

இதற்கு ஒரு வியத்தகு சான்று உண்டு. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வானில் வெடித்துச் சோதிக்கப்பட்ட அணுகுண்டுகள், காற்றில் கரிமம்-14 அளவைப் பெருக்கின. அந்தக் கரிமம் அக்காலத்து உயிர்களின் வில்லைப் புரதத்திலும் புகுந்து தங்கியது. வில்லையின் நடுப்பகுதியில் உள்ள அதன் அளவைக் கொண்டு ஒருவர் பிறந்த ஆண்டை ஏறத்தாழக் கணிக்க இயலும் என்று 2008-இல் டென்மார்க்கு ஆய்வாளர்கள் காட்டினர். 2016-இல் கிரீன்லாந்துச் சுறாக்கள் 28-இன் வில்லைகளை இம்முறையில் ஆய்ந்தபோது, அவற்றுள் மிகப் பெரியதற்கு ஏறத்தாழ 392 வயது இருக்கலாம் என்று கணக்கிட்டனர். கூடவோ குறையவோ 120 ஆண்டு மாறலாம் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். வில்லை எதையும் மறப்பதில்லை என்பதற்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டியதில்லை. நம் கட்டுரையின் அடிப்படையும் இதுவே. மறக்க இயலாத உறுப்பு, தனக்கு நேர்ந்த காயத்தையும் மறப்பதில்லை.

கதிர்கள் வந்த காலம்

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். டிசம்பர் இறுதியில் அவர் கட்டுரை வெளியாயிற்று. மறு ஆண்டின் தொடக்கத்திலேயே உலகெங்கும் மருத்துவர்களும் வேடிக்கை காட்டுவோரும் ஒருசேர அக்குழாய்களை இயக்கத் தொடங்கிவிட்டனர். எலும்பைக் காட்டும் ஒளி உடலுக்கு ஊறு செய்யும் என்று எவரும் எண்ணவில்லை. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. தோலில் படும்போது சுடுவதுமில்லை. புலன்கள் எச்சரிக்காத ஒன்றை அஞ்சுவதற்கு மனிதனுக்குப் பழக்கம் இல்லை.

எச்சரிக்கை விரைவிலேயே வந்தது. 1897-இல் சலுபெட்ஸ்கி என்பார், எக்ஸ் கதிர் பட்ட முயல்களின் கண்களில் உண்டான மாறுதல்களை எழுதினார். 1905-இல் எக்ஸ் கதிர்க் குழாய்களோடு பணிபுரிந்த ஒருவருக்குக் கண்புரை வந்ததைக் குட்மன் என்னும் மருத்துவர் பதிவுசெய்தார். ராண்ட்கனின் கண்டுபிடிப்புக்குப் பத்தே ஆண்டுகளில், விலங்கிலும் மனிதரிலும் சான்று கிடைத்துவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் தாமஸ் எடிசன், எக்ஸ் கதிரைக் காணும் திரை ஒன்றைச் செய்வதற்காக ஆயிரக்கணக்கான பொருள்களைச் சோதித்தார். அவருடைய உதவியாளர் கிளாரன்ஸ் டாலி நாள்தோறும் தம் கைகளைக் கதிரின் முன் நீட்டிக் குழாய்களைச் சோதித்தவர். டாலியின் கைகளில் புண் தோன்றிப் புற்றாகி, கைகள் நீக்கப்பட்டும் பயனின்றி 1904-இல் அவர் இறந்தார். எடிசன் அவ்வாய்வையே கைவிட்டார். தம் பார்வையும் கெடும் நிலைக்குச் சென்றது என்று செய்தியாளரிடம் சொன்னார். ஆயினும் அக்கால மருத்துவர்களின் கவலை பெரிதும் தோலைப் பற்றியதாகவே இருந்தது. கைப்புண் கண்முன் தெரிகிறது. சில வாரங்களில் வருகிறது. வில்லையின் ஊறு வெளியே தெரியாதது. ஆண்டுகள் கழிந்து வருவது. காரணத்துக்கும் காரியத்துக்கும் இடையே இத்தனை தொலைவு இருக்கும்போது, இரண்டையும் சேர்த்துப் பார்ப்போர் சிலரே.

மேரி கியூரியின் கண்கள்

ரேடியத்தைக் கண்டறிந்த மேரி கியூரிக்கு 1920 அளவில் பார்வை மங்கத் தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 53. மகள் ஈவ் கியூரி 1937-இல் எழுதிய வாழ்க்கை வரலாறு இக்காலத்தை நெஞ்சம் நெகிழக் கூறுகிறது. அன்னையார் தம் குறையை எவரும் அறியாதவாறு மறைத்தார். கருவிகளின் அளவுமுகங்களில் வண்ணக் குறிகள் இட்டுக்கொண்டார். வகுப்புக் குறிப்புகளை மிகப் பெரிய எழுத்துகளில் எழுதிக்கொண்டார். 1923-இல் முதல் அறுவைக்குச் சென்றபோது மருத்துவமனையில் 'மேடம் கர்ரே' என்று வேறொரு பெயரைக் கொடுத்தார். பின்னர் மேலும் மூன்று அறுவைகள் நிகழ்ந்தன. மீண்டும் ஆய்வுக்கூடம் சென்றார். கார் ஓட்டவும் செய்தார். 1934 ஜூலை 4-ஆம் நாள், எலும்பு மச்சை இரத்தம் உண்டாக்கும் ஆற்றலை இழந்த நோயால் காலமானார்.

அவருடைய புரை ரேடியத்தால் வந்ததா, முதல் உலகப் போரில் அவர் இயக்கிய எக்ஸ் கதிர் ஊர்திகளால் வந்ததா, வயதால் வந்ததா என்று ஒரு தனி மனிதரின் கண்ணை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை. மூன்றுக்கும் இடமுண்டு. இவ்வரலாறு முழுவதும் நம்மைத் தொடர்ந்துவரும் இடர்ப்பாடு இதுவே. பின்னால் நீதிமன்றத்திலும் இதனைக் காண்போம். கியூரி தம் நோயை மறைத்தமைக்குக் காரணம் எதுவாயினும், ஒன்றைச் சொல்லலாம். கதிரியக்கத்தின் தாய் என்று போற்றப்பட்டவரின் கண்கள் மங்கிய செய்தி அன்றே பொதுவில் பேசப்பட்டிருந்தால், பிறர் தம் கண்களைச் சற்று முன்னதாகவே காத்துக்கொண்டிருக்கக்கூடும்.

1949: ஓர் இதழ், இரு கட்டுரைகள்

கலிபோர்னியாவின் பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸ் 1930களின் தொடக்கத்தில் உருவாக்கிய சைக்ளோட்ரான், அணுத்துகள்களைச் சுழற்றி விரைவுபடுத்தும் கருவி. விரைந்து வரும் துகள்கள் இலக்கில் மோதும்போது நியூட்ரான்கள் சிதறும். இக்கருவிகளோடு 1930களிலும் 1940களிலும் பணிபுரிந்த இளம் இயற்பியலாளர் சிலர், 1940களின் இறுதியில் பார்வை மங்குவதாகக் கண் மருத்துவரிடம் சென்றனர். முதியவர்க்குரிய நோய் அவர்களிடம் காணப்பட்டது. பிலிப் ஏபல்சன், கிரூகர் ஆகிய இருவரும் இந்நிகழ்வுகளைத் தொகுத்து 1949 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர்.

அதே இதழில் மற்றொரு கட்டுரையும் இருந்தது. டேவிட் கோகன், மார்ட்டின், கிமுரா ஆகிய மருத்துவர்கள் ஹிரோஷிமா சென்று உயிர்தப்பியோரின் கண்களை ஆய்ந்து எழுதியது அது. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு வெடித்த குண்டின் ஒளியிலும் வெப்பத்திலும் தப்பியவர்கள் சிலருக்கு, நான்கு ஆண்டுகள் கழிந்து வில்லையின் பின்புறத்தில் மங்கல் தோன்றியிருந்தது. வெடிப்பு மையத்துக்கு அருகில் இருந்தவர்களே அவர்கள். ஜப்பானிய மருத்துவர்களும் அதே காலத்தில் இத்தகைய நோயாளிகளைக் கண்டு எழுதினர்.

குண்டுக்கு மூலமான இயற்பியலைப் பயின்ற கூட்டமும், குண்டுக்கு இரையான நகரத்தாரும் ஒரே இதழில், ஒரே நோயால் அடுத்தடுத்து நின்றனர். இதனை நாம் உவமையாகச் சொல்லவில்லை. அவ்விதழின் பக்க வரிசையே அப்படித்தான். ஆனால் இருவர் நிலையும் ஒன்றன்று. இயற்பியலாளர்க்காக அமெரிக்காவில் உடனே குழு அமைத்து ஆய்ந்தனர்; கதிர்த்தடுப்பு முறைகளைத் திருத்தினர். ஹிரோஷிமா, நாகசாகி மக்களை ஆய்வதற்காக அமெரிக்கர் அமைத்த அணுகுண்டு உயிர்ச்சேத ஆணையம் அவர்களைச் சோதித்ததேயன்றி, மருத்துவம் செய்வதைத் தன் பணியாகக் கொள்ளவில்லை. அந்த மனக்குறை ஜப்பானில் நெடுங்காலம் நிலைத்தது. 1975-இல் அவ்வாணையத்தின் இடத்தில் இரு நாடும் சேர்ந்து நடத்தும் கதிர்வீச்சு விளைவு ஆய்வு நிறுவனம் தோன்றியது.

ஊறு நிகழும் முறை

கதிர் வில்லையை எவ்வாறு கெடுக்கிறது? முட்டையின் வெள்ளைக்கரு வெப்பத்தில் வெளுப்பது போல, கதிர் பட்டதும் புரதம் வெளுத்துவிடுகிறது என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. கதிர் பட்ட அன்று வில்லை தெளிவாகவே இருக்கிறது. காயம் படுவது வில்லையின் விளிம்பில், புதிய அணுக்கள் பிறக்கும் வளையத்தில்.

கதிர் அணுவின் உள்ளிருக்கும் நீர் மூலக்கூறுகளைச் சிதைத்து, எதனோடும் உடனே வினைபுரியும் துகள்களை உண்டாக்குகிறது. அவையும், கதிர் தானே நேராகவும், உட்கருவின் மரபிழையை அறுக்கின்றன. நியூட்ரான் போன்றவை மிக நெருக்கமாக அறுப்பதால் அவற்றின் ஊறு பெரிது. அறுபட்ட இழை தவறாக ஒட்டப்பட்ட அணு, பிரிந்து பெருகும்போது சீர்கெட்ட வழித்தோன்றல்களைத் தருகிறது. அவை முறைப்படி நீண்டு நாராவதில்லை. உட்கருவை முறைப்படி இழப்பதுமில்லை. உப்பிய வடிவினவாய், வில்லையின் பின்புறத்தை நோக்கி மெல்ல நகர்கின்றன. பின்புற உறையின் நடுவே வந்து சேர்ந்து, அங்கே குவிகின்றன. வெளியேற வழியில்லை என்பதை முன்னரே கண்டோம். குவிந்தவை ஒளியைச் சிதறடிக்கின்றன. இதுவே பின்னுறை அடிப்புரை எனப்படுவது.

அணுப் பிரிதலே இந்நோயின் வாயில் என்பதை நிறுவ ஓர் அழகிய சோதனை நடந்தது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் பேசில் வொர்குல் முதலியோர், தவளைகளின் வில்லையில் அணுப் பிரிதலைத் தடுத்து வைத்து, பின் கதிரைச் செலுத்தினர். அவற்றுக்குப் புரை வரவில்லை. கதிரின் காயம் பட்டிருந்தும், காயம்பட்ட அணுக்கள் பிரிந்து பெருகாதபோது தீங்கு வெளிப்படவில்லை. குழந்தைகளின் வில்லையில் அணுப்பிறப்பு மிகுதியாதலால், அவர்களுக்கு இக்கேடு எளிதில் வருகிறது என்பதும் இதனால் விளங்கும்.

நோயின் அடையாளங்களும் இவ்வமைப்பிலிருந்தே பிறக்கின்றன. கண்ணுக்குள் புகும் ஒளிக்கதிர்கள் நெருங்கிச் சேருமிடம் வில்லையின் பின்முனைப் பக்கம். ஆகவே அங்கே உள்ள சிறு மாசும் பெரிதாகத் தொல்லை தரும். வெயிலில் பாவை சுருங்கும்போது ஒளி முழுவதும் மாசின் வழியாகவே செல்ல வேண்டியிருப்பதால், இந்நோயாளிக்கு நண்பகலில் பார்வை குன்றும், எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும், படிப்பது அரிதாகும். நீரிழிவாலும், ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொள்வதாலும் இதே இடத்தில் புரை தோன்றுவதுண்டு. இதே இடத்தில் இருக்கிறது என்பதால் மட்டும் கதிரின் மேல் பழி சுமத்த இயலாது என்பதை மனத்தில் வைக்க வேண்டும்.

கோடு எங்கே?

எவ்வளவு கதிர் பட்டால் புரை வரும்? உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு கிரே. அதனோடு கதிர்வகையின் கொடுமையையும் சேர்த்து அளப்பது சீவர்ட். எக்ஸ் கதிரைப் பொறுத்தவரை இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. 1957-இல் மெரியம், போக்ட் ஆகிய இருவர், கதிர் மருத்துவம் பெற்ற நோயாளிகளின் கண்களை ஆய்ந்து ஓர் எல்லை வகுத்தனர். ஒரே தடவையில் பெற்றால் 2 கிரே. மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை பகுத்துப் பெற்றால் 4 கிரே. அதற்கும் நெடுங்காலம் எனில் 5.5 கிரே. இவற்றுக்குக் கீழே புரையைக் காணவில்லை என்றனர்.

1928-இல் தோன்றிய பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய ஆய்வுகளின் அடிப்படையில் தொழிலாளர்க்கு வரம்பு விதித்தது. கண் வில்லைக்கு 1977-இல் ஆண்டுக்கு 300 மில்லிசீவர்ட் என்றது. 1980-இல் அதனை 150 ஆகக் குறைத்தது. பார்வையைக் கெடுக்கும் புரைக்குப் பல ஆண்டுகள் சேர்ந்து 8 கிரே வேண்டும் என்னும் கருத்து அப்போது நிலவியது. ஆண்டுக்கு 150 வீதம் ஐம்பது ஆண்டு உழைத்தாலும் 7.5 சீவர்ட்டே ஆகிறது. கோட்டுக்கு உள்ளேதான் இருக்கிறான் தொழிலாளி. கணக்கு அழகாகப் பொருந்தியது.

பொருந்தாதது ஒன்றுண்டு, அது காலம். மெரியமும் போக்டும் கண்ட நோயாளிகளுக்குப் புரை சராசரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தோன்றிற்று, ஏனெனில் அவர்கள் பெற்றது மிகுந்த அளவு. கதிர் குறையக் குறைய நோய் வெளிப்படும் காலம் நீள்கிறது. சில ஆண்டுகளே நோயாளியைத் தொடர்ந்து பார்ப்பவர், இருபது ஆண்டு கழித்து வரவிருக்கும் புரையை 'இல்லை' என்றே எழுதுவார். எல்லைக்கோடு என்று கருதப்பட்டது, நோய் தொடங்கும் இடத்தை மட்டுமன்றி, ஆய்வாளரின் பொறுமை முடியும் இடத்தையும் சேர்த்தே குறித்தது.

கோடு நகர்ந்த கதை

1986 ஏப்ரல் 26-இல் செர்நோபில் அணு உலை வெடித்தது. சுத்தம் செய்யும் பணிக்கு இலட்சக்கணக்கானோர் அனுப்பப்பட்டனர். உக்ரைன், அமெரிக்க அறிவியலாளர்கள் சேர்ந்து அவர்களுள் 8,607 பேரின் கண்களை, கதிர் பட்டுப் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் ஆய்ந்தனர். தவளை ஆய்வு செய்த வொர்குலே இதற்கும் தலைமை தாங்கினார். முடிவுகள் அவர் மறைந்த மறு ஆண்டு, 2007-இல் வெளிவந்தன. எல்லைக்கோடு என ஒன்று இருந்தால் அது 0.7 கிரேக்கு மேல் இருக்க இயலாது என்று அவை கூறின.

2001-இல் அமெரிக்க விண்வெளி வீரர் 295 பேரின் மருத்துவப் பதிவுகள் ஆராயப்பட்டன. புரை கண்டவர் 39 பேர். அவர்களுள் 36 பேர், நிலவுப் பயணம் போன்ற கதிர் மிகுந்த பயணங்களில் சென்றவர்கள். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியோரிடையே 1986 முதல் 2005 வரை நடந்த புரை அறுவைகளைக் கணக்கெடுத்தபோதும், எல்லை ஏறத்தாழ 0.5 கிரே என்றே தெரிந்தது.

மருத்துவமனையிலும் இதே செய்தி. அடைபட்ட இதயக் குழாயைத் திறக்க, எக்ஸ் கதிர்த் திரையைப் பார்த்தவாறே கம்பியைச் செலுத்தும் இதய மருத்துவர், நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிரை நாள்தோறும் தம் முகத்தில் ஏற்கிறார். பன்னாட்டு அணுசக்தி முகமையின் முயற்சியில் மலேசியாவில் நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், இத்தகைய மருத்துவருள் 52 விழுக்காட்டினருக்கு வில்லையின் பின்புறத்தில் மாறுதல்கள் காணப்பட்டன. கதிரோடு தொடர்பில்லாதாருள் 9 விழுக்காட்டினருக்கே காணப்பட்டன. மாறுதல் கண்டவர் அனைவரும் பார்வை இழந்தவர் அல்லர். பெரும்பாலானவை தொடக்க நிலையின. ஆயினும் வில்லை மறப்பதில்லை என்பதை அறிந்தோர்க்கு இவ்வெண்கள் போதும்.

2011 ஏப்ரலில் அவ்வாணையம் தன் கோட்டைத் திருத்தியது. எல்லை 0.5 கிரே, தொழிலாளர் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 50-ஐ மீறலாகாது. 300, 150, 20 என்று முப்பத்து நான்கு ஆண்டுகளில் இறங்கிய இவ்வெண்களை ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்த்தல் நலம். புதிய வரம்பிலும் ஐம்பது ஆண்டு உழைப்பவர் உச்சத்தையே தொட்டுக்கொண்டிருந்தால் 1 சீவர்ட் பெறுவார்; புதிய எல்லையின் இருமடங்கு அது. நடைமுறையில் அப்படி எவரும் ஆண்டுதோறும் உச்சத்தைத் தொடுவதில்லை என்பது இதற்கு விடையாகச் சொல்லப்படும். பழைய வரம்புக்கும் அவ்விடையே சொல்லப்பட்டிருக்கும்.

ஈயக் கண்ணாடி மூக்கில் அணிவதும், கூரையிலிருந்து தொங்கும் ஈயத் தடுப்பை முகத்துக்கும் நோயாளிக்கும் நடுவே இழுத்துக்கொள்வதும் இக்கேட்டைப் பெரிதும் குறைக்கும். செலவு மிகுந்த செயலுமன்று. பொது மக்கள் அஞ்ச வேண்டியதும் இல்லை. மார்பு எக்ஸ்ரே ஒன்றில் உடல் பெறுவது ஒரு மில்லிசீவர்ட்டில் பத்தில் ஒரு பங்கினும் குறைவு. மருத்துவர் வேண்டுமென்று சொல்லும் படத்தைக் கண்ணுக்கு அஞ்சித் தவிர்ப்பது அறிவுடைமை ஆகாது. இங்கே பேசப்படுவது, அதே அறையில் ஆண்டுக்கணக்கில் நிற்பவரைப் பற்றி.

முதுமைப் புரை நீங்கலாக

வரலாறு இங்கே சட்டத்தின் கையில் வந்து சேர்கிறது. அணுகுண்டால் வந்த நோய் என்று ஜப்பானிய அரசு ஏற்றுச் சான்றளித்தால், உயிர்தப்பியவர்க்குச் சிறப்பு மருத்துவ உதவித்தொகை கிடைக்கும். 2008-இல் திருத்தப்பட்ட விதிகளில், எளிதாக ஏற்கத்தக்க நோய்களின் பட்டியலில் கதிர்வீச்சுப் புரையும் சேர்க்கப்பட்டது. ஆனால் அதன் அருகே ஒரு குறிப்பு: முதுமைப் புரை நீங்கலாக.

இக்குறிப்பைப் படிக்குந்தோறும் மனம் தயங்குகிறது. 1945-இல் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவருக்கு 2008-இல் 73 வயது. அவர் கண்ணில் உள்ள மங்கலில் எந்த அணு ஆகஸ்டு காலையில் காயம்பட்டது, எந்த அணு தானே முதிர்ந்தது என்று எவர் பிரிப்பர்? கூட்டமாக ஆயிரம் பேரைப் பார்க்கும்போது கதிரின் பங்கு எண்ணில் தெளிவாகத் தெரிகிறது. தனி ஒருவரைப் பார்க்கும்போது அது வயதினுள் மறைந்துகொள்கிறது. புள்ளியியலுக்குத் தெரிந்த உண்மையைத் தனி மனிதர் நீதிமன்றத்தில் காட்ட முடிவதில்லை.

2020 பிப்ரவரி 25-இல் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் இத்தொடர்பில் மற்றொரு கேள்விக்கு விடை சொன்னது. நோய் கதிரால் வந்தது என்றாலும், மருத்துவர் அதனை அவ்வப்போது பார்த்து வருவதோடு நிற்கும் நிலையில், 'மருத்துவம் தேவைப்படும் நிலை' என்னும் சட்டத்தின் தகுதி நிறைவேறுமா? வழக்காடியோர் உயிர்தப்பிய மூன்று பெண்கள். புரை நோயும் அவ்வழக்குகளில் இடம்பெற்றிருந்தது. கீழ்நீதிமன்றங்கள் முரண்பட்ட தீர்ப்புகளைத் தந்திருந்தன. தனிப்பட்ட சூழல் இருந்தாலன்றி வெறும் கண்காணிப்பு போதாது என்றது உச்ச நீதிமன்றம். மூவரும் தோற்றனர். குண்டு விழுந்து அப்போது எழுபத்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன.

சட்டத்தின் நியாயத்தை நாம் அறியாமல் பேசவில்லை. பொதுப்பணம் அளந்தே வழங்கப்பட வேண்டியது. அளக்க வரையறை வேண்டும். ஆனால் இந்நோய் மெல்லவே முதிர்வது. பல ஆண்டுகள் 'பார்த்துக்கொண்டிருப்பதே' இதற்குரிய மருத்துவ முறை. நோயின் இயல்பையே நோயாளிக்கு எதிரான சான்றாகக் கொள்வது எந்த அளவுக்கு முறையாகும் என்னும் கேள்வி, தீர்ப்புக்குப் பின்னும் எஞ்சி நிற்கிறது.

புரையை இன்று சில நிமிடங்களில் நீக்கி, செயற்கை வில்லை பொருத்திவிடலாம். அந்த எளிமையே இக்கேட்டைச் சிறிதாக எண்ணச் செய்தது என்று தோன்றுகிறது. திருத்திக்கொள்ளத்தக்க கேடு என்று கருதப்பட்டதால், அதன் வரம்பைப் பற்றிய அக்கறையும் பின்தங்கியது. கூர்ந்து நோக்கினால் மற்றொன்றும் தெரியும். 1905-இன் குழாய்த் தொழிலாளி, 1949-இன் இயற்பியலாளர், ஹிரோஷிமா மக்கள், செர்நோபில் பணியாளர், இதய மருத்துவர் என ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு கூட்டத்தாரின் கண் மங்கிய பின்னரே எண் திருத்தப்பட்டது. மங்குவதற்கு முன் திருத்தியதாக இவ்வரலாற்றில் நாம் ஓரிடத்தும் காணவில்லை. அறுவையில் நீக்கப்பட்ட வில்லையோடு அதில் பதிந்திருந்த சான்றும் போய்விடுகிறது. ஆகவே எழுதி வைக்கும் கடமை நம்முடையது. அடுத்த முறை எண் திருத்தப்படும்போது, அதன் பின்னால் எவருடைய கண்கள் இருக்கின்றன என்று கேட்கும் பழக்கமேனும் நமக்கு வர வேண்டும்.